துரை வருவதுபோல் வெள்ளையடித்தேன்

எங்கள் வீட்டை விற்பது என்று முடிவான பிறகு, விற்க வேண்டிய ஆள் நான்தான் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்து, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன் நான். சாப்பாட்டுக் கடையில் கறி ஊற்ற மறந்துவிட்டால் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இப்படிப்பட்டவன் முன்பின் தெரியாத மனிதரை வீட்டுக்குள் கூட்டிப்போய், "நல்ல வீடு, வாங்குங்க" என்று சொல்ல வேண்டும்.

விற்பதற்குக் காரணம் என் மனைவியின் முழங்கால். வீடு கந்தப்பளை பஸாரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ரோட்டுக்கு மேலே சரிவில் இருந்தது. தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு மரக்கறி மொத்தக் கடையில் மூட்டை தூக்கப் போன காலத்தில், பத்து பேர்ச் நிலம் வாங்கி நானே கட்டியது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளையும் நானே வெட்டினேன். முதலில் மண்படி, பிறகு சீமெந்து. வெட்டும்போது என் காலை வைத்துத்தான் உயரம் அளந்தேன். படி உயரமாக இருந்தால் எண்ணிக்கை குறையும், சீமெந்தும் மிச்சம் என்பது என் யோசனை. என் மனைவி என் தோளுக்குக்கூட வரமாட்டாள் என்பது அந்த யோசனையில் வரவில்லை.

அவள் இருபத்தைந்து வருடம் மலையில் கொழுந்து எடுத்தவள். முழங்கால் ஏற்கெனவே தேய்ந்துதான் வீட்டுக்கு வந்தது. மிச்சத்தை என் படிகள் தேய்த்தன. போன முறை கிளினிக்குக்குப் போனபோது, அவள் படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, அப்படியேதான் ரோட்டுக்கு இறங்கினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏறி வந்தது அதைவிட மோசம். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபடியே, "இனிமே என்னைய நாலு பேரு தூக்கிட்டுப் போற அன்னிக்கித்தான் எறங்குவேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் கீழே இறங்கவில்லை. கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடித்தபோது வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸாரில் பெயின்டும் தளபாடமும் விற்கிற முஸ்லிம் நானா எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவர் கடைக்குப் பின்னால் அவருடைய லாத்தாவின் வீடு இருக்கிறது. கண்டிப் பக்கம் மகனோடு போய் இருக்க அந்த அக்கா முடிவு செய்திருந்தார். சின்ன வீடு, ஆனால் வாசலிலிருந்து ரோடு வரை தரை மட்டம். ஒரு படிகூடக் கிடையாது.

"லாத்தா மாசக் கடைசி வரைக்கும் ஒங்களுக்காகப் பாத்துக்கிட்டு ஈப்பா, தம்பி" என்றார் நானா. "அதுக்குப் பொறகு மரக்கறி ஸ்டோர் போட ஒராள் கேக்குறாரு. அவருக்குக் குடுத்துருவா."

எங்கள் வீடு விற்றால்தான் அந்த வீடு. மாதக் கடைசிக்கு நாலு கிழமை இருந்தது. வெளியே ஆடி மழை.

எங்கள் மகள் கொழும்பில் ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலை செய்கிறாள். வீடு விற்பது எப்படி என்று போனில் நிறைய வீடியோ பார்த்திருந்தாள். "மொதல்ல பெயின்ட் அடிங்கப்பா. வர்றவங்க கண்ணுக்கு வீடு புதுசா தெரியணும்" என்றாள். பெயின்ட் அடிப்பது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்த பெயின்ட் அடிப்பு எப்படிப்பட்டது என்பதுதான் பிரச்சினை.

முப்பத்தைந்து வயது வரை நான் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவன். கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால், ஒரு கிழமைக்கு முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்துகிற காலைப் பெரட்டில், மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா நாலு பேரைத் தனியாகப் பிரிப்பார். எங்கள் கையில் சுண்ணாம்பு வாளியும் தும்புக்கட்டையும் வரும். பாதையோரக் கற்கள், கானின் விளிம்பு, மரங்களில் இடுப்பு உயரம் வரை, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் முன்சுவர், எல்லாம் வெள்ளை. ஜீப் ரோட்டிலிருந்து தெரிகிற பக்கம் மட்டும்தான். லயத்தின் பின்சுவர் எந்தக் காலத்திலும் புகைக் கறுப்புதான். வருகிற அன்று லயத்து ஆட்கள் அவரவர் காம்பரா அறைக்கு வெளியே நிற்க வேண்டும். வந்தவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு ஏதாவது குறை சொன்னால், "ஆமாங்க தொரை" என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு முதலில் பிரிக்கிற ஆள் நான்தான். நன்றாக அடிப்பேன் என்பதற்காக என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசமாட்டேன் என்பதற்காகத்தான் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார்.

நானா கடைக்குப் போய் வெள்ளை பெயின்ட் கேட்டேன்.

"என்ன வெள்ளை?" என்று ஓர் அட்டையை விரித்தார். "இதுல பதினாறு வெள்ளை ஈக்கி."

எனக்குப் பதினாறும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. மகளுக்குப் போனில் படம் அனுப்பினோம். அவள் ஏழாவது வெள்ளையைச் சொன்னாள்.

வாளியை எடுத்துத் தரும்போது நானா மெதுவாகச் சொன்னார். "தம்பி, மழைக்குள்ள பெயின்ட் அடிச்சா பாக்குறவன் என்ன நெனப்பான்? எங்கயோ ஒழுகுது, மறைக்கிறாங்கன்னுதான்."

அது எனக்கும் தெரியும். ஒழுகத்தான் செய்தது. பின் அறையின் சுவர், மண்ணை வெட்டி இறக்கிய கரையை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் ஈரம் ஊறிப் பச்சை படரும். மழை போனால் அதுவும் போகும். அந்தப் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவர் காய வேண்டும் என்று சட்டியில் தணல் போட்டு மூன்று நாள் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"செவருக்கு என்னா சளியா?" என்றாள் மனைவி. "வேது புடிக்கிறீங்க?"

பிறகு மூன்று கோட் அடித்தேன். முன்சுவருக்கு இரண்டு கோட். மிச்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த மற்ற வேலைகளையும் செய்தேன். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு. தண்ணீர் ஓடுகிற கானின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு. முற்றத்துப் பேரி மரத்துக்கு இடுப்பு வரை. எல்லாம் முடித்து, கையைக் கழுவி, மகளுக்கு வீடியோ கால் எடுத்துக் காட்டினேன்.

"அப்பா, பேரி மரத்துக்கு ஏன் வேட்டி கட்டியிருக்கீங்க?"

"சுண்ணாம்பு."

"அது தெரியுது. போன திருப்புங்க. இது என்னா, இந்தப் பக்கச் செவரு அப்படியே கெடக்கு?"

"அது ரோட்டுலருந்து தெரியாது."

"வீடு வாங்க வர்றவங்க ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போயிருவாங்களாப்பா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. வருகிறவர் ஜீப்பை விட்டு இறங்குவார், வீட்டைச் சுற்றி நடப்பார், அது அவருடைய வீடாகப் போகிறது என்றெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை. மறுநாளிலிருந்து பக்கச் சுவர், பின்சுவர், குசினி எல்லாம் அடித்தேன். குசினியின் புகைக் கறுப்பு ஏழாவது வெள்ளையை இரண்டு கோட் வரை குடித்துவிட்டு மூன்றாவதில்தான் அடங்கியது.

சுண்ணாம்பு ஒரு வாளி மீதி இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. படிகளைப் பார்த்தேன். தோட்டத்தில் துரை பங்களாப் படிகளுக்கு ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுப்போம், அழகாக இருக்கும். மேலிருந்து கீழே ரோடு வரை, ஒவ்வொரு படிக்கும் ஓரம் பிடித்து, கோணல் இல்லாமல் கோடு இழுத்துக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான்.

மதியம் நானா போன் எடுத்தார். "தம்பி, பஸாருலருந்து பாக்குறன். ஒங்க வூடு தெரியல்ல. படி மட்டுந்தான் தெரியிது. வானத்துக்கு ஏணி சாத்தின மாதிரி ஈக்கி."

ரோட்டுக்கு இறங்கிப் பார்த்தேன். உண்மைதான். அந்த வீட்டில் மறைக்க வேண்டிய குறை ஒன்று இருந்தது என்றால் அது படி. அதை நான் ஒன்றுவிடாமல் கோடு போட்டுக் காட்டியிருந்தேன். தேங்காய்மட்டை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். அந்த மழையில் பெயின்ட் காயவே இல்லை, சுண்ணாம்பு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெயின்டுக்குப் பிறகு, வீட்டை அழகாக வைப்பது எப்படி என்று மகள் சொல்லித் தந்தாள். வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும்போது அதில் தாங்கள் வாழ்வதாக நினைக்க வேண்டுமாம். அதற்கு நாங்கள் அதில் வாழ்கிற அடையாளம் இருக்கக் கூடாதாம். எனக்கு இது நன்றாக விளங்கியது. அடையாளம் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். மனைவிக்குத்தான் விளங்கவில்லை.

முன்னறையில் ஏழு கலண்டர் தொங்கின. அதில் ஆறு பழைய வருடத்தது. எல்லாவற்றையும் மகள் கழற்றச் சொன்னாள். கொடிக்கயிறு, விறகுக் கட்டு, அரிசிப் பீப்பாய், கம்பளி மூட்டை, என்னுடைய மழைச் சப்பாத்து, எதுவும் கண்ணில் படக் கூடாது. சாமிப் படங்களில் ஒன்று மட்டும் இருக்கலாம் என்றாள்.

"எந்தச் சாமிய வெளிய போகச் சொல்றது?" என்று மனைவி போனைப் பிடுங்கிக் கேட்டாள். "நீயே சொல்லு. நீ பரீட்சைக்குப் போறப்ப எல்லாரையுந்தானே கும்புட்ட?"

மகள் சாமி விஷயத்தில் பின்வாங்கினாள். மற்ற சாமான்களை வைக்க இடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் கொண்டுபோய் அடுக்கி, நீலத் தார்ப்பாயால் மூடிக் கல் வைத்தேன். நானா தன் கடையிலிருந்து ஒரு சோபாவை இரவல் தந்தார். பிளாஸ்டிக் உறை கிழியாமல் திரும்பி வர வேண்டும் என்பது பேச்சு. என்னோடு மூட்டை தூக்குகிற கூட்டாளி ஒருவனும் நானும் அதைப் படியில் ஏற்றினோம். பாதியில் அவன் நின்று, "அண்ணே, இந்த வீட்ட நீங்க விக்கிறது ரொம்ப நல்ல முடிவு" என்றான். குசினியில் மண் அடுப்பின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் விரிப்பு விரித்து, பூச்சாடி வைத்தேன். அன்று சமைக்க முடியாது. கடையில் வாங்கிய பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

கடைசியாக, மனைவியின் ஊன்றுகோலை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவள் சோபாவில் பிளாஸ்டிக் சத்தம் கேட்க உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்தது கல்யாணச் சேலைக்கு அடுத்த நல்ல சேலை.

"என்னையும் தொடச்சி வச்சாச்சா?" என்றாள்.

வருகிறவர்களை அனுப்பியது நானாதான். வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர்கள், ஓய்வு பெற்ற கணவன் மனைவி. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கிப் படித்த சிங்களம். கனம், ஈரம், தள்ளிக்கோ, விழப்போகுது என்பதெல்லாம் சரளமாக வரும். ஒரு வீட்டைப் புகழ்வதற்கான வார்த்தை அதில் ஒன்றும் இல்லை. ஆகையால் விடியற்காலையிலிருந்து, "இது நல்ல வீடு, நல்ல காற்று, நல்ல தண்ணீர்" என்று சிங்களத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். பேரி மரத்தின் பக்கத்தில் சுண்ணாம்பு வாளி கிடப்பதைப் பார்த்து, அதை ஒளித்து வைக்க எடுத்தேன். அந்த நேரத்தில்தான், அரை மணி நேரம் முந்தியே, அவர்கள் ஏறி வந்தார்கள். அந்த மனிதர் எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கி, மனைவியைப் பார்த்து, "எழுபத்தொண்ணு" என்றார். நான் வெட்டிய படிகளை நானே எண்ணியது கிடையாது.

பிறகு என்னைப் பார்த்தார். என் தொப்பி ஏற்கெனவே என் கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. மற்றக் கையில் வாளி.

"வீட்டுக்காரர் எங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

விடியற்காலையிலிருந்து பழகிய எல்லாம் போய்விட்டது. "உள்ள இருக்காங்க, மாத்தயா" என்று சிங்களத்து ஐயா போட்டுச் சொன்னேன்.

அது முழுப் பொய் இல்லை, மனைவி உள்ளேதான் இருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். என் சொந்த வீட்டின் இஸ்தோப்பில், தூணை ஒட்டி, வாளியும் தொப்பியுமாக நின்றேன். உள்ளே என் மனைவி உடைந்த சிங்களத்தில் அவர்களை உட்காரச் சொல்வது கேட்டது. சோபாவின் பிளாஸ்டிக் சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கு வீடு விற்குமா என்ற கவலையைவிட உறை கிழியுமா என்ற கவலை பெரிதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா என் மனைவியோடு குசினிக்குப் போய்விட்டார். அங்கே இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மாத்தயா தனியாக அறை அறையாகப் பார்த்துவிட்டுப் பின் கதவைத் திறந்தார். அந்தப் பக்கத்து மலைக்காட்சிதான் வீட்டின் பெரிய பலம் என்று மகள் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தால் மலைக்கு முன்னால் எங்கள் குடும்பம் முழுவதும் நீலத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. காற்றுக்கு ஒரு மூலை தூக்கி, அரிசிப் பீப்பாயும் ஆறு வருடத்துக் கலண்டரும் எட்டிப் பார்த்தன.

"இந்தா, இங்க வா" என்று கூப்பிட்டார். சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"அது என்ன?"

"சாமான், மாத்தயா."

"யாரோட சாமான்?"

"வீட்டுக்காரங்களோடது."

"ஏன் வெளியில கெடக்கு?"

"வீடு பாக்க ஆள் வர்றாங்கன்னு."

அவர் என்னையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னைப் பின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கோட் அடித்த சுவரைக் கையால் தடவினார்.

"மழைக்குள்ள பெயின்ட் அடிச்சிருக்காங்க. அடிச்சது நீதானே?"

"ஆமாங்க மாத்தயா."

"வேலை செஞ்சவனுக்குத் தெரியாம இருக்காது. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உண்மையச் சொல்லு, இது ஒழுகுற செவரா?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் குறைவு. அதற்குக் காரணம் என் நல்ல குணம் இல்லை. பொய் சொல்ல நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அப்போது குசினியிலிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. நாலு மாதமாக எழுபத்தொரு படிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாத்தயா" என்றேன். "நல்ல செவரு."

அவர் தலையாட்டினார். அவர்கள் கிளம்பினார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார். வீட்டை வேண்டாம் என்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை என்று நானா எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார்.

அவர்கள் இறங்கும்போது நான் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் படியில், திரும்பும் இடத்தில் நின்று, இரண்டு பேரும் வீட்டை அண்ணாந்து பார்த்துப் பேசினார்கள். அவர் கையை அங்கும் இங்கும் காட்டினார். சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதை நேர்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வந்த யோசனை இதுதான்: ஒருவேளை இவர் வாங்கிவிட்டால்? அடுத்த ஆடி மழைக்குச் சுவர் ஊறும். அவர் பெயின்ட் வாங்க நானா கடைக்கு வருவார். நாங்கள் அந்தக் கடைக்குப் பின்னால்தான் இருப்போம். வருடா வருடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ் மணிக்கே கூச்சப்படுகிற என்னால் அது முடியாது. பயந்துதான் ஓடினேன். வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

ரோட்டில் அவர்கள் வேனுக்குள் ஏறும்போது போய்ச் சேர்ந்தேன். மூச்சு இல்லை. எனக்குத் தெரிந்த மூட்டைச் சிங்களம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

"மாத்தயா, அந்தச் செவரு ஈரம். ஆடி மழைக்கு ஈரம். மத்த செவரு நல்லம். நான் வேலக்காரன் இல்ல. நான்தான் வீட்டுக்காரன். மூணு கோட் அடிச்சேன். தணல் வச்சேன். படியும் நான்தான் வெட்டினேன், அது ரொம்ப உசரம், என் பொஞ்சாதிக்கு ஏற முடியல. அதான் விக்கிறோம்."

இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் மனைவியிடம்கூட நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அந்த அம்மா வேனுக்குள்ளிருந்து சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "நீங்க வீட்டுக்காரர்னு குசினியிலயே சொல்லிட்டாங்க. கால் கதையும் சொன்னாங்க. அடுப்புக்கு மேல பலகை போட்டிருக்கிறதும் சொன்னாங்க."

மாத்தயா சிரிக்கவில்லை. அவர்களுடைய மகன் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன், கந்தப்பளையிலும் ஒரு வீடு தேடுகிறான் என்று சொன்னார். "அவங்க மலை ஏறுறதுக்குத்தான் வர்றாங்க. படி நெறைய இருந்தா அவங்களுக்குச் சந்தோஷம். அந்தத் திருப்பத்துல நின்னு அதத்தான் பேசினோம். வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எறங்கினோம். நானாகிட்ட சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்."

அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தேன்.

"செவரு ஒழுகுறது மட்டும் எனக்குத் தெரியாது" என்றார். "நல்ல செவருன்னு நீ சொன்னத நம்பிட்டேன்."

"ஆமாங்க மாத்தயா."

"அப்ப அந்தச் செவரப் பிரிச்சிக் கட்டுற செலவ வெலையில கழிச்சிருவோமா?"

"ஆமாங்க மாத்தயா" என்றேன். அது வாயிலிருந்து தானாகவே வந்தது. வேன் போன பிறகும் இன்னொரு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மேலே ஏறி வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்கன்னு எத்தன வருஷம் ஏசியிருக்கேன்" என்றாள். "இனிமே ஏச மாட்டேன் சாமி. நீங்க பேசாமலே இருங்க."

மகள் போனில் அழவில்லை, ஆனால் அழுகிற மாதிரி மூச்சு விட்டாள். "அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?" என்றாள். நானாவிடம் சொன்னபோது அவர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. சோபாவைத் திருப்பி வாங்கும்போது உறையைச் சரிபார்க்கக்கூட அவருக்கு நிதானம் இல்லை.

விலை குறைந்ததால் லாத்தாவுக்கும் குறைத்துத்தான் தர முடிந்தது; அதனால், கீழ் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுத் தருகிறேன் என்ற பேச்சை லாத்தா வாபஸ் வாங்கினார். பழைய தகரத்தோடேயே தந்தார். ஆகையால் இப்போது மழை பெய்தால் முன்னறையில் இரண்டு இடத்தில் சட்டி வைக்கிறோம். மரக்கறி ஸ்டோர் போடக் கேட்டவருக்குப் போகாமல் மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னதாகவே சாவி எங்கள் கைக்கு வந்தது.

குடிபோகிற அன்று என் கூட்டாளிகள் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, மனைவியை அதில் உட்கார வைத்து, உருளைக்கிழங்கு மூட்டையை இறக்குகிற மாதிரி பதமாக இறக்கினார்கள். அவள் வழி முழுவதும் அவர்களை ஏசிக்கொண்டே வந்தாள். நான் முன்னால் நடந்து, எதிரே வருகிறவர்களை விலகச் சொல்ல வேண்டியவன். சொல்லக் கூச்சமாக இருந்ததால், முன்னால் நடந்து இருமிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தோம். மஞ்சள்தூள் இல்லை என்றாள். நான் எழுந்தேன். "நீங்க இருங்க" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பஸாருக்கு இருபது முப்பது எட்டுத்தான். மஞ்சள்தூளோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் இல்லை என்று போனாள். வந்தாள். பிறகு தீப்பெட்டிக்குப் போனாள். வீட்டில் இரண்டு தீப்பெட்டி இருப்பது எனக்குத் தெரியும், நான்தான் அடுக்கி வைத்தேன்.

நாலாவது முறையும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இப்ப என்னா வாங்கப் போற?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."